வாய் நிறைந்திருக்கும்போது கேட்பவர்

2025 பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை, காலை 6.40. பதினாறு டிகிரி. லேசான பனிமூட்டம், காற்று இல்லை, புல்லில் ஈரம். முதல் குழிக்குப் பந்தடிக்கும் மேடையில் நாங்கள் நான்கு பேர் நின்றிருந்தோம். எனக்கு எழுபத்து நாலு, கர்னலுக்கு எழுபத்தெட்டு, கௌடருக்கு எழுபத்தொன்று, டாக்டரம்மாவுக்கு அறுபத்தொன்பது. கூட்டினால் இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

இந்த இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு வயதும் ஒன்பது குழிகளை இரண்டேகால் மணி நேரத்தில் முடித்தாக வேண்டும் என்பது எங்கள் கோல்ஃப் கிளப் செயலாளரின் உத்தரவு. எங்களைப் பற்றிப் புகார் போயிருந்தது. ஊர்கிறார்களாம். 8.55க்கு ஒன்பதாவது குழியருகே தானே கடிகாரத்தோடு வந்து நிற்பதாகச் செயலாளர் சொல்லியிருந்தார். தவறினால், பதினோரு வருடமாக எங்களுடையதாக இருக்கும் விடிகாலை நேரம் கம்பெனிக்காரர்களுக்குப் போய்விடும். எங்களுக்குப் பகல் பதினோரு மணி. பெங்களூரு வெயில் பழைய வெயில் இல்லை. மார்ச் மாதம் பதினோரு மணிக்கு மைதானத்தில் இறங்கினால் கர்னலை நாங்கள் தூக்கிக்கொண்டுதான் திரும்ப வேண்டும். எங்களைத் தூக்க ஆள் இல்லை. அதாவது, ஆட்டம் அத்தோடு முடிந்தது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் டாக்டரம்மா நிதானமாகத் தன் மட்டைப் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து, உள்ளே இருந்த எவர்சில்வர் சம்படத்தைத் தட்டிப் பார்த்தார்.

"இருக்கு ஆடிட்டர் சார். கவலைப்படாதீங்க."

அந்தச் சம்படத்தில் கோடுபளே இருந்தது, அரிசி மாவை வளையமாக்கிப் பொரித்த காரப் பலகாரம். அதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அல்சூர் கடைத்தெருவில் ஒரு காண்டிமென்ட்ஸ் கடைக்கு மாடியில் முப்பத்தைந்து வருடம் பல் ஆஸ்பத்திரி நடத்தியவர். கீழே முறுக்கும் நிப்பட்டும் கோடுபளேயும் கண்ணாடி ஜாடிகளில் நிற்கும். மாடிப்படியில் ஏறும்போதே எண்ணெய் வாசனை போய்க் கிராம்பு வாசனை வந்துவிடும். "கீழே அவர் விக்கிறார், மேலே நான் பார்க்கிறேன். எங்களுக்குள்ள போட்டியே கிடையாது," என்பார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. உங்களிடம் கேட்க வேண்டியது எதுவாக இருந்தாலும், உங்கள் வாய் நிறையப் பஞ்சு இருக்கும்போதுதான் கேட்பார். பல் டாக்டர்கள் எல்லாருமே அப்படித்தான், சும்மா பேச்சுக்கு ஏதாவது கேட்பார்கள், நாம் ஆ ஊ என்போம். இவர் சும்மா கேட்பதில்லை. பதில் தேவைப்படுகிற கேள்வியாகப் பார்த்துக் கேட்பார். மர்பி டவுனிலிருந்து வரும் ஒரு பஸ் கண்டக்டரிடம் ஒருநாள் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த ஆளாக நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"இனிமே குட்கா போட மாட்டீங்கதானே?"

"ஆஆ."

"நர்சம்மா, மாட்டேன்னுட்டார். கேட்டுக்கோங்க, நீங்க சாட்சி."

கண்டக்டர் இரண்டு கைகளையும் ஆட்டினார். அதைக் கும்பிடு என்று எடுத்துக்கொண்டு அவர் பதிலுக்குக் கும்பிட்டார்.

என்னிடம் அவர் கேட்டது 2019இல். எங்களோடு ஆடிக்கொண்டிருந்த நாலாவது ஆள் மகன் வீட்டோடு ஹைதராபாத் போய்விட்டிருந்தார். என் மேல்வரிசையில் இரண்டு பஞ்சு உருளைகள், கீழ்வரிசையில் இரண்டு, நடுவில் எச்சில் உறிஞ்சும் குழாய்.

"உங்க குரூப்ல ஒரு இடம் காலியாமே சார். நான் வரட்டுமா?"

மறுப்பதற்கு என்னிடம் நாலு காரணங்கள் இருந்தன. நாலும் பஞ்சுக்குப் பின்னால் இருந்தன. அடுத்த செவ்வாய்க்கிழமை விடியும்போது அவர் மட்டைப் பையோடு வந்து நின்றார். கர்னல் என்னைத் தனியாக இழுத்து, "யோவ் ஆடிட்டர், எங்களை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார். என்னையே யாரும் கேட்கவில்லை என்று அவருக்கு எப்படி விளக்குவது.

டாக்டரம்மா பெரிய ஆட்டக்காரர் அல்ல. நேராக அடிப்பார், தூரமாக அடிக்க மாட்டார். ஆனால் வேகம். தன் முறை வரும்போது மட்டை கையில் இருக்கும், பந்து கண்ணில் இருக்கும். ஒத்திகை வீச்சு ஒன்று, அடி ஒன்று, அவ்வளவுதான். "நடக்கும்போது யோசிச்சு முடிச்சிடணும் சார். நின்ன பிறகு யோசிச்சா பின்னால வர்றவன் வாழ்க்கையில கை வைக்கிறோம்," என்பார். மணல் பள்ளத்தில் இறங்கினால் தன் காலடியை மட்டுமல்ல, முந்தின கும்பல் விட்டுப்போன காலடிகளையும் சேர்த்து நிரவிவிட்டுத்தான் ஏறுவார். அதற்கு ஆகும் நேரத்தை நான் ஒருமுறை குறிப்பிட்டுக் காட்டினேன். "ஸ்கேலிங் பண்ணிட்டு வாய் கொப்பளிக்க விடாம அனுப்பலாமா?" என்று கேட்டார்.

கோல்ஃப் ஆடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஆட்டத்தில் முன்னால் போகிற கும்பல் மெதுவாகப் போனால் பின்னால் வருகிற அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான். ஒற்றைச் சந்தில் மாட்டுவண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட மாதிரி. மரியாதை தெரிந்தவர்கள் ஒதுங்கி நின்று, "நீங்க போங்க" என்று கை காட்டுவார்கள். தெரியாதவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். அவர்களிடம் கர்னலின் வழி, மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து கத்துவது. என் வழி, கைக்கடிகாரத்தை உயர்த்திக் காட்டுவது. கௌடருக்கு வழியே கிடையாது. "ஹோகலி விடுங்க சார், போகட்டும்," என்று புல்லில் உட்கார்ந்துவிடுவார்.

டாக்டரம்மாவின் வழி சம்படம்.

ஒருநாள் ஒரு கட்டடக் கான்ட்ராக்டர். ஆறாவது குழிக்குப் பக்கத்தில், ஒரு கையில் குழியிலிருந்து பிடுங்கிய கொடிக்கம்பு, ஒரு கையில் போன். எங்கேயோ தளம் போடுகிறார்கள், கம்பி வந்து சேரவில்லை. கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்து, திட்டுவதற்கு மட்டும் உருதுக்குப் போனார். எங்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு கும்பல் நின்றது. கர்னல் தொண்டையைச் செருமியதும் டாக்டரம்மா, "இருங்க," என்று சம்படத்தை எடுத்துக்கொண்டு நடந்தார். கான்ட்ராக்டருக்கு எதிரே போய் நின்றார். மூடியைத் திறந்து நீட்டினார், அவ்வளவுதான்.

காலை எட்டேகால் மணிக்கு எதிரே மொறுமொறு கோடுபளேயை நீட்டினால் இந்த ஊரில் கை தானாகப் போய்விடும். கொடிக்கம்பைக் கீழே போட்டுவிட்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டார். கடக்.

"நாங்க நாலு பேர் இருக்கோம். முன்னால போகட்டுமா?"

வாயில் கோடுபளே இருக்கிற மனிதனால் தலையை மட்டும்தான் ஆட்ட முடியும். பல்லால் அரைக்கும்போது தலை மேலும் கீழுமாகத்தான் ஆடும். "ரொம்ப தேங்க்ஸ்," என்று டாக்டரம்மா எங்களைக் கையசைத்துக் கூப்பிட்டார். போனில் எதிர்முனைக்காரன் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தது எங்களுக்கும் கேட்டது.

கோடுபளேயை அவசரமாக விழுங்க முடியாது. நன்றாகப் பொரித்ததாக இருந்தால் சொந்தப் பல்லுக்கு நாற்பது விநாடி, கட்டின பல்லுக்கு ஒரு நிமிடம் பத்து விநாடி. கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். முதலில் மைசூர்பாக் கொண்டுவந்து பார்த்தாராம். "கரைஞ்சு போயிடுது சார். பதில் சொல்லிடறாங்க."

இன்னொரு நாள் எங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பந்து பறந்து வந்து கர்னலின் காலுக்கு இரண்டு கஜம் தள்ளி விழுந்தது. முன்னால் ஆள் இருக்கும்போது அடிப்பது இந்த ஆட்டத்தில் பெரிய அநியாயம். எச்சரிக்கைக் குரல்கூடக் கொடுக்கவில்லை. கர்னல் மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, எல்லைக்குப் புறப்படுகிறவர் மாதிரி திரும்பினார். டாக்டரம்மா அந்தப் பந்தைப் பொறுக்கிக் கைக்குட்டையில் துடைத்தார். ஒரு கையில் பந்து, ஒரு கையில் சம்படம். இரண்டு பையன்கள், முப்பது வயதிருக்கும். அவர்கள் மென்றுகொண்டிருக்கும்போது, "நீங்க முன்னால போயிடறீங்களா?" என்றார். போனார்கள். போகும்போது தலை குனிந்திருந்தது.

எனக்குத் தாங்கவில்லை. "அடிக்க வந்தவனுக்கு வழியும் விட்டு, பலகாரமும் கொடுக்கறீங்களா?"

"பின்னால இருந்தா நமக்கு முதுகு வேர்க்கும் சார். முன்னால அனுப்பிட்டா அவங்க பந்தைத் தேடறதை நாம வேடிக்கை பார்க்கலாம்."

அன்று அவர்கள் ஏழு இடங்களில் தேடினார்கள். நாங்கள் ஏழையும் பார்த்தோம்.

அவரைப் பற்றி எனக்கு ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. ஆறு வருடத்தில் அவர் எங்களோடு எதுவும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஆட்டம் முடிந்து கேண்டீனில் காராபாத் வாங்கினாலும் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுக் காப்பி மட்டும் குடிப்பார். கௌடர் ஒருநாள் வீட்டிலிருந்து ஒப்பட்டு கொண்டுவந்து வாய்க்கு நேராகவே நீட்டினார். அதை வாங்கிக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போய்ச் சாப்பிடறேன்," என்றார். தன் வாய் நிறைந்திருக்கும் நேரத்தை யாரிடமும் கொடுக்க மாட்டார். கர்னலிடம் கண்புரை ஆபரேஷனுக்குச் சம்மதம் வாங்கியதும், கௌடரிடம் மருமகளோடு சமாதானம் வாங்கியதும் அந்தச் சம்படத்தால்தான். இரண்டும் நல்லதாகவே முடிந்தன. இருந்தாலும் அவர் சம்படத்தோடு என் பக்கம் திரும்பினால் நான் முதலில் வாயை மூடிக்கொள்வேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

எங்களுக்கு முன்னால் ஆறரை மணிக்கு இறங்கியவர்கள் நான்கு பேர், ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனி. நாலு பேரும் ஒரே நிறத்தில் புதுச் சட்டை. ஒருவர் அடிப்பதை ஒருவர் போனில் படமெடுத்தார்கள். எடுத்ததை நாலு பேரும் கூடி நின்று பார்த்தார்கள். பார்த்த பிறகு ஒருவர், "முட்டியைப் பாரு, முட்டியைப் பாரு," என்பார். மறுபடியும் ஒத்திகை. ஆளுக்கு மூன்று வீச்சு, சில சமயம் ஐந்து. நாங்கள் மூன்றாவது குழியை முடிக்கும்போது 7.38. கணக்குப்படி 7.25க்கு முடித்திருக்க வேண்டும். பதின்மூன்று நிமிடம் போயிருந்தது. நாலாவது மேடையில் அவர்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"பதின்மூணு," என்றேன்.

"சொன்னீங்க சார்," என்றார் கௌடர்.

"இப்ப பதினாலு."

டாக்டரம்மா சம்படத்தை எடுத்தார். நான் மூச்சு விட்டேன். அவர் போய் மூடியைத் திறந்து நீட்டுவதைப் பார்த்தோம். நாலு பேரும் சம்படத்துக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் மூக்கால் இழுத்து வாசனை பிடித்தான். யாருடைய கையும் உயரவில்லை.

"ஸாரி ஆன்ட்டி, நாங்க இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங்ல இருக்கோம். மதியம் பன்னெண்டு மணி வரைக்கும் தண்ணி மட்டும்தான்."

"நாலு பேருமா?"

"ஆபீஸ்ல சேலஞ்ச் ஆன்ட்டி. யார் முதல்ல சாப்பிடறாங்களோ அவங்க தோத்தாங்க."

"அப்போ நாங்க முன்னால..."

"ரெண்டே நிமிஷம் ஆன்ட்டி, இதோ முடிச்சிடறோம்," என்று அவன் போனை மறுபடி உயர்த்தினான். வாய் காலியாக இருக்கிறவனிடம் பதில் எப்போதும் தயாராக இருக்கிறது.

அவர் மூடியைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். அந்தச் சம்படம் குறையாமல் திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை. சம்படத்தை என் கையில் கொடுத்தார்.

"இதுவரைக்கும் எல்லாரும் சாப்பிட்டாங்க சார்," என்றார். குரல் சின்னதாகிவிட்டிருந்தது.

பதினாறு நிமிடம். செயலாளர் இந்நேரம் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பார். பதினோரு மணி வெயில் என் மண்டையில் இப்போதே ஏறியது. கர்னல், "நான் போய்க் கத்தட்டுமா?" என்றார். பதினேழு. பதற்றம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. சம்படம் என் கையில்தான் இருந்தது. திறந்து, பெரியதாக ஒன்றை எடுத்து, இடது பக்கம் போட்டுக் கடித்தேன்.

சத்தம் எனக்கே வித்தியாசமாகக் கேட்டது. கோடுபளே உடைந்த சத்தம் ஒன்று, அதற்குள் இன்னொன்று.

"ஐயோ," என்றேன். வாயிலிருந்து எடுத்துப் பார்த்தால், அரிசி மாவுக்கு நடுவில் என் கடைவாய்ப் பல்லில் பாதி.

டாக்டரம்மாவின் முகம் அந்த நொடியில் மாறியதை நான் பார்த்தேன். முப்பத்தைந்து வருடத்து டாக்டர் முகம் அது. அதற்குள் இன்னொரு வெளிச்சமும் இருந்தது. மட்டைப் பையின் இன்னொரு ஜிப்பிலிருந்து பஞ்சு வந்தது, கிராம்புத் தைலம் வந்தது. "ஆ காட்டுங்க. பெரிசா. கடிச்சுக்கோங்க. இனிமே வாயைத் திறக்கக் கூடாது." இடது பக்கம் பஞ்சு, வலது பக்கத்துக்கும் எதற்கோ பஞ்சு. பிறகு என் முகவாயை ஒரு கையால் தாங்கிப் பிடித்து, கல்யாணப் பெண்ணை மேடைக்கு அழைத்துப் போவதுபோல் அந்த நாலு பேரிடம் அழைத்துப் போனார்.

"இவருக்குப் பல் உடைஞ்சிடுச்சு. ஒன்பதரைக்குள்ள கிளினிக்ல இருக்கணும். கார் ஒன்பதாவது குழிக்கு அந்தப் பக்கம் நிக்குது. ஆடிக்கிட்டே போயிடறோம். போகட்டுமா?"

"அச்சோ அங்கிள். போங்க, போங்க," என்று நாலு பேரும் விலகினார்கள். அதில் ஒருவன் விவரமானவன். "வலிக்கிறவர் எதுக்கு ஆன்ட்டி ஆடணும்? நடந்தே போகலாமே?"

"வெறுமனே நடந்தா வலியையே நினைச்சிட்டிருப்பார்." பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்களால ஆட முடியும்தானே சார்?"

"ம்ம்ம்ம்."

"முடியும்ங்கிறார்."

நான் சொன்னது அது இல்லை. இருந்தாலும் மட்டையை எடுத்தேன். பந்து வலது பக்கம் புதருக்குள் போனது. அந்த நாலு பையன்களும் ஓடிப்போய்த் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். படம் எடுக்கவில்லை. வழி கிடைத்தவர்கள் அங்கே நின்று கதை பேசக் கூடாது என்பதும் மரியாதைதான். நால்வரும் கிட்டத்தட்ட ஓடினோம்.

அதன் பிறகு எங்களுக்கு முன்னால் யாரும் இல்லை. பனி விலகிப் புல் பச்சையாக விரிந்து கிடந்தது. பருந்துகள் தாழப் பறந்தன. ஐந்து, ஆறு, ஏழு என்று குழிகள் போய்க்கொண்டே இருந்தன. எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது. நிமிடம் சொல்ல வேண்டிய இடங்களில் எல்லாம் பஞ்சு இருந்தது.

ஒன்பதாவது குழியில் கர்னலின் பந்து விழுந்தபோது செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். 8.52.

"ரெண்டு மணி பன்னெண்டு நிமிஷம்," என்றார். "வாழ்த்துகள். நேரம் உங்களுதுதான். ஆனா எப்படி? போன வாரம் ரெண்டே முக்கால் ஆச்சே. வழக்கத்துக்கு மாறா என்ன பண்ணீங்க?"

கௌடர் என்னைக் காட்டினார். "இவரு இன்னிக்கிப் பேசல்லே சார்."

"ஒரு குழிக்கு மூணு நிமிஷம் மிச்சம்," என்றார் கர்னல். "எத்தனை நிமிஷம் ஆச்சு, யார் எத்தனை அடி அடிச்சாங்கன்னு ஒவ்வொரு மேடையிலும் நிப்பாட்டிப் படிப்பான். இன்னிக்கு அது இல்லை."

நான் எதிர்ப்புத் தெரிவித்தேன். "ம்ம்ம்," என்று கேட்டது.

"ஆமாம்ங்கிறார்," என்றார் டாக்டரம்மா.

பத்து மணிக்கு நான் அல்சூரில், அவருடைய பழைய நாற்காலியில் படுத்திருந்தேன். அவர் ஓய்வு பெற்றபின் அந்த இடத்தை எடுத்து நடத்தும் இளம் டாக்டர் மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு, பஞ்சு உருளைகளை அடுக்கி, குழாயை மாட்டிவிட்டு எக்ஸ்ரே பார்க்க உள்ளே போனார். டாக்டரம்மா முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் தலைமாட்டில் உட்கார்ந்தார். கோல்ஃப் தொப்பியை இன்னும் கழற்றவில்லை. கீழேயிருந்து எண்ணெய் காயும் வாசனை மேலே வந்தது.

"சார், ஒரு விஷயம்," என்றார்.

எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

"பொண்ணு மெல்பர்னுக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. இந்தத் தடவை போய் அங்கேயே இருந்துடலாம்னு பார்க்கிறேன். ஜூன்ல." விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினார், என் கண்ணில் படாமல். "போகட்டுமா?"

என் வாய்க்குள் நாலு உருளைகள், ஒரு குழாய், பாதிப் பல். நான் தலையை ஆட்டவில்லை. மேலும் கீழுமாகவும் இல்லை, பக்கவாட்டிலும் இல்லை. கையை உயர்த்தப் போனேன். அதை அவர் பிடித்து இரண்டு தட்டுத் தட்டி நாற்காலியின் கைப்பிடியில் வைத்தார்.

"சரி," என்றார். எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார்.

அன்று காலை மேடையில் கேட்டிருக்கலாம். ஆட்டம் முடிந்து காரில் வரும்போது கேட்டிருக்கலாம், அப்போது பஞ்சு மட்டும்தான், துப்பிவிட்டுப் பதில் சொல்லியிருப்பேன். இந்த நேரத்தைத்தான் எடுத்தார். என் பதில் அவருக்கு வேண்டாம் என்பதாலா, அதைக் கேட்டால் போக முடியாமல் ஆகிவிடும் என்பதாலா? இந்தக் கணக்கை நான் பலமுறை போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வேறு விடை வருகிறது.

ஜூன் மாதம் போனார். மாதம் ஒருமுறை பேசுகிறார். அங்கே மைதானத்தில் எல்லாரும் தாங்களாகவே ஒதுங்கி வழிவிட்டுவிடுகிறார்களாம். "போரடிக்குது சார்," என்கிறார்.

விடிகாலை நேரம் இன்னும் எங்களுடையதுதான். மூன்று பேராக ஆடுகிறோம். சம்படத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். செவ்வாய்க்கிழமைகளில் கீழ்க்கடையில் கோடுபளே வாங்கி நிரப்பிக்கொள்கிறேன். ஆனால் என் அவசரத்தில் கேள்வியை முதலில் கேட்டுவிட்டுப் பிறகுதான் மூடியைத் திறக்கிறேன். முடியாது என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொள்கிறார்கள்.

பல்லுக்கு ரூட் கெனால் ஆறாயிரத்து ஐந்நூறு, கேப் ஏழாயிரம், மாத்திரை முந்நூற்று நாற்பது, அடுத்தடுத்த தடவைகளுக்கு ஆட்டோ இருநூற்று முப்பது. அன்றைய கோடுபளே அவர் வாங்கியது, அதைச் சேர்க்கவில்லை. மொத்தம் பதினாலாயிரத்து எழுபது ரூபாய்.